மிட்வைஃபின் பதிவேடும் பெருந்தொற்றும்

2020 ஒக்டோபர் மூன்றாம் வாரத்தில் பேலியகொடை மத்திய மீன் சந்தையில் கொரோனாத் தொற்றாளர்கள் கூட்டமாகக் கண்டுபிடிக்கப்பட்டார்கள். கொழும்பை ஒட்டியிருக்கும் அந்தச் சந்தைக்கு இலங்கையின் நாலா கரைகளிலிருந்தும் இரவிரவாக மீன் லொறிகள் வந்து சேரும். வாழைச்சேனைத் துறைமுகத்தில் இறங்கும் மீனும் அங்கேதான் போகும். போன லொறிகள் திரும்பியபோது வைரஸும் கூடவே வந்தது. சந்தை மூடப்பட்ட சில நாட்களுக்குள், அங்கு போய்வந்த வியாபாரிகளிடமிருந்து மட்டக்களப்பு மாவட்டத்தின் வடபகுதியில் தொற்று பரவியிருப்பது தெரியவந்தது. வாழைச்சேனைப் பொலிஸ் பிரிவில் ஊரடங்கு போடப்பட்டது. அந்த ஆண்டு முடியும்போது காத்தான்குடியும் தனிமைப்படுத்தப்பட்ட பகுதியாகிவிட்டது.

வீதிக்குக் குறுக்கே தடை போடப் பொலிசாருக்கும் இராணுவத்துக்கும் முடியும். தடைக்கு உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்பதுதான் கடினமான கேள்வி. எந்த வீட்டில் ஏழு மாதக் கர்ப்பிணி இருக்கிறார்? எந்தக் குழந்தைக்கு இந்த வாரம் ஒன்பது மாதம் நிறைகிறது? சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடும் பெரியவரின் கையில் இன்னும் எத்தனை நாளுக்கு மருந்து இருக்கிறது?

இதற்கெல்லாம் பதில் ஒரு பதிவேட்டில் இருந்தது. அதை வைத்திருந்தவர் குடும்பநல உத்தியோகத்தர்; ஊரார் வாயில் 'மிட்வைஃப் மிஸ்'. பெருந்தொற்றைப் பற்றிப் பேசியவர்கள் வென்டிலேட்டர்களையும் அதிதீவிர சிகிச்சைக் கட்டில்களையும் பற்றியே அதிகம் பேசினார்கள். மட்டக்களப்பு வாவிக் கரையின் ஏழைக் குடும்பங்களுக்கோ, ஓலைக் கொட்டகையிலும் பொதுக் கட்டிடத்திலும் மாதத்துக்கு ஒன்றிரண்டு நாள் நடக்கும் ஒரு கிளினிக் எத்தனை வருடமாக ஒழுங்காக நடந்து வந்தது என்பதே பெரிய விஷயமாக இருந்தது.

அந்தக் கிளினிக்கின் கதை நூறு வருடப் பழமையானது. தொடங்கிய இடம் ஒரு கொக்கிப்புழு. 1916இல் அமெரிக்காவின் றொக்கபெல்லர் நிதியம், தேயிலைத் தோட்டத் தொழிலாளரைச் சோகை பிடிக்க வைத்த அந்தப் புழுவை ஒழிக்க இலங்கைக்கு வந்தது. மருந்து கொடுத்தார்கள், புழு போனது. மலசலகூடம் இல்லாத லயங்களில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்குத் திரும்பவும் புழு வந்தது. நோயாளிக்கு வைத்தியம் செய்தால் மட்டும் போதாது, வீடு, கிணறு, கக்கூஸ், தாய், பிள்ளை எல்லாவற்றையும் ஒரே கண்ணால் பார்க்கும் ஓர் அலுவலகம் வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்து பிறந்தது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பமானது. இன்று நாடு முழுவதும் 350க்கும் மேற்பட்ட சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் இருக்கின்றன. மட்டக்களப்பு மாவட்டத்தில் மட்டும் 14.

ஒவ்வொரு பணிமனையின் கீழும் இரண்டு கை இருக்கும். ஒன்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர், ஊரில் பீ.எச்.ஐ. என்றால்தான் தெரியும். உணவுக் கடை, கிணறு, நுளம்பு, தொற்றுநோய் எல்லாம் அவருடையது. மற்றது மிட்வைஃப். ஏறக்குறைய 3,000 முதல் 5,000 பேர் வரை வாழும் ஒரு பகுதி அவருக்கு ஒதுக்கப்படும். கலியாணம் முடித்த ஒவ்வொரு தம்பதியின் பெயரும் அவருடைய குடும்பப் பதிவேட்டில் ஏறும். கர்ப்பம், பிரசவம், பிள்ளையின் நிறை, தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாடு எல்லாம் அந்தப் பெயரின் கீழ் வரிசையாக எழுதப்படும். கர்ப்பிணி கிளினிக்குக்கு வரவில்லையென்றால் மிட்வைஃப் ஸ்கூட்டியில் வீடு தேடிப் போவார். இலங்கையில் ஒரு இலட்சம் பிறப்புக்குச் சுமார் 30 தாய்மாரே இறக்கிறார்கள் என்ற கணக்குக்குப் பின்னால் இந்த ஓயாத அலைச்சல் பெருமளவு இருக்கிறது.

மட்டக்களப்பில் அந்த அலைச்சல் கொஞ்சம் கூடுதல். ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடலுக்குச் சமாந்தரமாகக் கிடக்கும் வாவி, மாவட்டத்தை இரண்டாகப் பிரிக்கிறது. சூரியன் எழும் கடற்பக்கம் எழுவான்கரை. நகரம், பிரதான வீதி, போதனா வைத்தியசாலை, களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலை எல்லாம் அந்தப் பக்கம்தான். சூரியன் படும் மேற்குப் பக்கம் படுவான்கரை. வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி என்று வயலும் மேய்ச்சல் தரையுமாக விரிந்து கிடக்கும் ஊர்கள் அங்கே. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை அந்தத் துறையைக் கடக்கப் பாதையில்தான் ஏற வேண்டியிருந்தது. மிதவையின் மேல் பலகை போட்ட படகுக்கு இங்கே அதுதான் பெயர். மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையே அதற்குப் பின்னும் பாதை ஓடியது. நோயாளியோடு அதில் நின்றவர்களுக்கு வாவியின் அகலம் நன்றாகத் தெரியும்.

யுத்தம் இந்தத் தூரத்தை இன்னும் கூட்டியது. 2007 வரை படுவான்கரையின் பெரும் பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. சோதனைச் சாவடிகளைத் தாண்டி டொக்டர்மார் வருவது அரிது. எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்பு, செஞ்சிலுவைச் சங்கம் போன்றவை நடமாடும் கிளினிக்குகளை நடத்தின. பயிற்சி பெற்ற ஆட்கள் இல்லாத ஊர்களில் சுகாதாரத் தொண்டர்கள் வேலையைத் தாங்கினார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடற்கரை ஊர்கள் அழிந்து, பள்ளிக்கூடங்கள் எல்லாம் அகதி முகாம்களாக நிரம்பியபோது கொலரா வரும் என்று உலகமே பயந்தது. பெரிய கொள்ளைநோய் எதுவும் வரவில்லை. முகாமுக்கு முகாம் நோய்க் கணக்கெடுத்து, கிணறுகளுக்குக் குளோரின் போட்டவர்களில் இந்தப் பணிமனை ஊழியர்களும் இருந்தார்கள். ஆக, கொரோனா வந்தபோது வாவிக் கரையில் நெருக்கடி புதிது. நெருக்கடியில் வேலை செய்யும் பழக்கம் பழையது.

மீன் சந்தைக்குத் திரும்புவோம். கொரோனா வைரஸ் எல்லா நோயாளியிடமிருந்தும் சமமாகப் பரவுவதில்லை. முதல் வருடத்து ஆய்வுகள் காட்டியபடி, தொற்றிய நூறு பேரில் பெரும்பாலானோர் ஒருவருக்கும் கொடுக்காமலோ ஒருவருக்கு மட்டும் கொடுத்தோ முடிந்துவிடுகிறார்கள். பத்து, இருபது பேரிடமிருந்தே கிட்டத்தட்ட எண்பது சதவீதத் தொற்றுகள் கிளம்புகின்றன. மூடிய இடம், நெரிசல், உரத்த பேச்சு, நீண்ட நேரம் ஆகிய நான்கும் கூடினால் அப்படியான பெரும் பரவல் நடக்கும். ஏலம் கூவும் மொத்தச் சந்தை இதற்கென்றே கட்டியது போன்ற இடம்.

இதனால் பீ.எச்.ஐ. கேட்கும் கேள்வியின் திசை முக்கியமாகிறது. 'நீங்கள் யாரோடு பழகினீர்கள்?' என்று முன்னோக்கிக் கேட்டால் அந்த நோயாளியிடமிருந்து தொற்றக்கூடிய ஒருவரோ இருவரோ கிடைப்பார்கள். 'உங்களுக்கு இது எங்கே வந்திருக்கும்?' என்று பின்னோக்கிக் கேட்டால் ஒரு கூட்டம், ஒரு கலியாண வீடு, ஒரு சந்தை அகப்படும். அங்கேயிருந்து பத்து இருபது பேர் கிடைப்பார்கள். அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே வைரஸ் பரவத் தொடங்குவதால் இதற்கு அவகாசமும் குறைவு. கைபேசிச் செயலிகளை நம்பிய பணக்கார நாடுகள் பல இதில் தடுமாறின. ஏற்கெனவே டெங்குக் காய்ச்சல் வந்த வீட்டுக்கெல்லாம் போய், 'கடைசி இரண்டு கிழமை எங்கெங்கே போனீர்கள்?' என்று கேட்டுப் பழகியவர்களுக்கு இது கைவந்த வேலையாக இருந்தது.

சட்டமும் அவர்கள் கையில் இருந்தது. அது 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த் தடுப்புச் சட்டம். பம்பாயில் பிளேக் பரவிய காலத்தில், கப்பலில் வரும் கூலிகளையும் சரக்கையும் மனதில் வைத்து வெள்ளைக்காரர் எழுதியது. அந்தச் சட்டத்தின் பலத்தில் பீ.எச்.ஐ. வீட்டுப் படலையில் அறிவித்தல் ஒட்டினார். வீட்டார் 14 நாள் வெளியே போகக் கூடாது என்றிருந்தது. படலையில் தாள் ஒட்டிய வீட்டை அயலவர் பார்க்கும் பார்வை வேறு. தண்ணீர் அள்ளும் கிணறு பொதுவென்றால் தகராறு. பிள்ளைக்குப் பால்மா வாங்கக் கடைக்குப் போனாலும் முறைப்பாடு.

அன்றன்றைக்கு உழைத்து உண்ணும் வீட்டில் இந்தச் சட்டம் எப்படி நிற்கும்? வாவியில் வலை வீசுபவர், வயலில் கூலிக்குப் போகிறவர், செங்கல் சூளையில் நிற்பவர் யாருக்கும் விடுமுறைச் சம்பளம் கிடையாது. தனிமைப்படுத்தப்பட்ட குடும்பத்துக்கு 10,000 ரூபா பெறுமதியான உலர் உணவுப் பொதி பிரதேச செயலகம் வழியாகக் கொடுக்கப்பட்டது இதனால்தான். 2020 ஏப்ரலிலும் மேயிலும் சமுர்த்தி வறுமை நிவாரணத் திட்டம் வழியாக 5,000 ரூபா உதவித்தொகையும் வந்தது. பொது முடக்கத்தின் தொற்றியல் பயனைக் கணக்கிடும் மாதிரிகளில் அரிசியும் பருப்பும் தனி மாறியாக வருவதில்லை. ஆனால் சாப்பாடு இருந்த வீட்டில்தான் ஆட்கள் வீட்டுக்குள் இருந்தார்கள்.

இதை மருத்துவமாகவே பார்த்தவர்கள் உண்டு. தென்னாபிரிக்காவின் பொலேலா என்ற கிராமப் பகுதியில் 1940இல் சிட்னி கார்க், எமிலி கார்க் என்ற டொக்டர் தம்பதி ஒரு சமூக சுகாதார நிலையத்தைத் தொடங்கினார்கள். அங்கே மாணவராக வந்து பயின்ற அமெரிக்கர் ஜக் கைகர், 1960களில் மிசிசிப்பி மாநிலத்தின் மவுண்ட் பாயு என்ற ஏழைக் கறுப்பின ஊரில் அதேபோல் ஒன்றை அமைத்தார். பசியால் மெலிந்த பிள்ளைகளுக்கு அந்த நிலையத்து டொக்டர்மார் மருந்துச் சீட்டில் உணவை எழுதிக் கொடுத்தார்கள். கடைகாரர் அதை நிலையத்தின் மருந்துக் கணக்கில் பற்று வைத்தார். பட்டினிக்கு மருந்து சாப்பாடு என்பது அவர்கள் வாதம். அமெரிக்காவின் சமூக சுகாதார நிலையங்கள் இத்தகைய முதல் நிலையங்களிலிருந்து கிளைத்தவை. 2020இல் அங்கும் ஏழைகளுக்குப் பரிசோதனையும் பின்னர் தடுப்பூசியும் இவற்றின் வழியாகப் பெருமளவில் போய்ச் சேர்ந்தன.

ஊரடங்கின் மறைமுகப் பாதிப்பு கிளினிக் கொப்பியில் தெரியும். நீரிழிவு, இரத்த அழுத்தம், இதய நோய் ஆகியவற்றுக்காக மாதந்தோறும் அரச வைத்தியசாலைக்கு வருபவர் ஒவ்வொருவர் கையிலும் அட்டை கிழிந்த ஒரு கொப்பி இருக்கும். உள்ளே திகதி, பிரஷர், சீனி அளவு, குளிசைகளின் பெயர். 2020 மார்ச் 20 ஊரடங்குக்குப் பின் இந்தக் கொப்பிக்காரர்கள் வீட்டில் முடங்கினார்கள். பிரஷர் குளிசையைத் திடீரென்று நிறுத்தினால் சில வகை மருந்துகளில் அழுத்தம் முன்னைவிடக் கூடுதலாக எகிறும். சீனி கட்டுப்பாடில்லாத உடலில் கொரோனா கடுமையாகும் வாய்ப்பும் அதிகம். அதிகச் சீனி, வெள்ளணுக்களின் வேலையை மந்தமாக்கி அழற்சியைக் கூட்டுகிறது. எனவே மருந்தை வீட்டுக்கு அனுப்புவது பெருந்தொற்றுச் சிகிச்சையின் ஒரு பகுதியே. சுகாதார அமைச்சும் தபால் திணைக்களமும் சேர்ந்து கிளினிக் மருந்துகளைத் தபால்காரர் கையில் கொடுத்தனுப்பின. தபால் எட்டாத இடங்களுக்குக் கிராம உத்தியோகத்தர், மிட்வைஃப், ஊர் இளைஞர் என்று கை மாறிப் போனது.

தமிழ்நாட்டில் இதே யோசனை ஓர் அரச திட்டமாகவே ஆனது. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5ஆம் திகதி தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்', நீரிழிவு, இரத்த அழுத்த நோயாளிகளின் வீட்டு வாசலுக்கே மாத்திரையைக் கொண்டுபோகிறது. பெருந்தொற்று முடிந்த பின்னும் அது நிற்கவில்லை.

2021 ஆகஸ்டில் டெல்டா அலை உச்சத்துக்குப் போனது. வைத்தியசாலைகள் நிரம்பின. அறிகுறி குறைந்தவர்களை வீட்டிலேயே வைத்துக் கண்காணிக்கும் முறையும் அதற்கான 1390 என்ற தொலைபேசி இலக்கமும் நாடு முழுவதற்கும் வந்தன. அப்போது விரலில் மாட்டும் ஒட்சிமானி பெரிய ஆயுதமாகத் தோன்றியது. காரணம், கொரோனா நிமோனியாவில் ஒட்சிசன் குறைந்தும் சிலருக்கு மூச்சுத் திணறல் தெரிவதில்லை. மூச்சு வாங்கும் உணர்வை மூளையில் முக்கியமாகத் தூண்டுவது இரத்தத்தில் சேரும் கரியமில வாயு. நுரையீரல் அதை வெளியேற்றிக்கொண்டிருக்கும் வரை, ஒட்சிசன் இறங்கினாலும் ஆள் சாதாரணமாகக் கதைத்துக்கொண்டிருப்பார்.

கருவியின் உள்ளே இரண்டு சிறு விளக்குகள். ஒன்று 660 நனோமீற்றர் அலைநீளச் சிவப்பு, மற்றது 940 நனோமீற்றர் அகச்சிவப்பு. ஒட்சிசன் ஏற்றிய ஹீமோகுளோபின் அகச்சிவப்பைக் கூடுதலாக உறிஞ்சும். ஒட்சிசன் இழந்தது சிவப்பைக் கூடுதலாக உறிஞ்சும். ஒவ்வொரு நாடித்துடிப்பிலும் விரலுக்குள் புதிதாகப் பாயும் இரத்தத்தில் இரண்டு ஒளியும் எவ்வளவு குறைகிறது என்று ஒப்பிட்டுச் சதவீதத்தைச் சொல்கிறது கருவி. நகப்பூச்சு, குளிர்ந்த விரல், நடுங்கும் கை எல்லாம் கணக்கைக் குழப்பும். தோலின் நிறமும் குழப்பும். 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, கருவி 92 முதல் 96 வரை காட்டிய வெள்ளையரில் 3.6 சதவீதத்தினருக்கும் கறுப்பினத்தவரில் 11.7 சதவீதத்தினருக்கும் உண்மை அளவு 88க்குக் கீழே இருந்ததைக் கண்டது. வெயிலில் கறுத்த மீனவரின் விரலில் 94 என்று வந்தால் நிம்மதியாகத் தூங்கிவிட முடியாது. கொஞ்சத் தூரம் நடக்கவிட்டு மீண்டும் அளந்து பார்ப்பது, பேச்சில் இடைவெளி விழுகிறதா என்று கவனிப்பது, மறுநாளும் விசாரிப்பது எல்லாம் ஆள் செய்யும் வேலை.

தடுப்பூசிக்கும் இதே கணக்கு. இலங்கையில் 2021 ஜனவரி 29இல் கோவிஷீல்டோடு தொடங்கிய தடுப்பூசி, பெருமளவில் மக்களிடம் போனது சீனாவின் சைனோஃபாம் வந்த பிறகு. மட்டக்களப்பு போன்ற மாவட்டங்களுக்கு அது வந்தது 2021 நடுப்பகுதியில். செயல்திறன் பற்றிப் பத்திரிகைகள் நிறைய எழுதின. வெப்பநிலை பற்றிக் குறைவாகவே எழுதின. ஃபைசர் ஊசியை நீண்ட நாள் வைத்திருக்க மைனஸ் 70 பாகை வேண்டும். சைனோஃபாமுக்கும் கோவிஷீல்டுக்கும் 2 முதல் 8 பாகை போதும். அது பிள்ளைகளின் ஊசிக்காக ஒவ்வொரு பணிமனையிலும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலை.

பெட்டியிலிருந்து படுவான்கரை வரை கொண்டுபோவது வேறொரு வித்தை. சூடு மட்டுமே எதிரி என்று நினைப்போம்; உறைவதும் எதிரிதான். சைனோஃபாமில் கொல்லப்பட்ட வைரஸ், அலுமினிய உப்பின் நுண்துகள்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். உறைந்தால் அந்தத் துகள்கள் கட்டிபட்டு ஊசியின் வீரியம் போய்விடும். ஆகவே உறைவிப்பானிலிருந்து எடுத்த ஐஸ் பொதியை உடனே தடுப்பூசிப் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. வெளியே வைத்து, மேலே வேர்க்கவிட்டு, காதருகே குலுக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்டால்தான் வைக்கலாம். இதை வருடக்கணக்கில் செய்த கைகள்தான் கொரோனா ஊசியையும் சுமந்தன.

சூட்டைக் கண்காணிக்க ஒரு சிறிய ஒட்டுத்தாள் உண்டு. வட்டத்துக்குள் ஒரு சதுரம். அந்தச் சதுரத்தில் பூசிய வேதிப்பொருள் வெப்பம் படப் படக் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுக்கும், திரும்ப வெளுக்காது. சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் ஊசி நல்லது. வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் எறிந்துவிட வேண்டும். 2021 மே 7இல் சைனோஃபாமுக்கு அவசர அனுமதி கொடுத்தபோது, இந்த அடையாளத்தோடு வரும் முதலாவது கொரோனாத் தடுப்பூசி இதுவே என்று உலக சுகாதார நிறுவனம் குறிப்பிட்டது. மின்சாரம் தடைப்படும் ஊரில் வேலை செய்பவருக்கு இந்தச் சதுரம் பல பக்க அறிவுறுத்தலைவிடப் பயன்பட்டது.

கர்ப்பிணிகளிடம் தயக்கம் அதிகம். டெல்டா காலத்தில் கர்ப்பிணிகள் பலர் இறந்தார்கள். கர்ப்ப காலத்தில் நுரையீரலுக்கு இடம் குறைந்து, ஒட்சிசன் தேவை கூடி, இரத்தம் உறையும் தன்மையும் அதிகரிப்பதால் இந்த நோய் அவர்களைக் கடுமையாகத் தாக்கியது. 2021 ஜூனிலிருந்து அவர்களுக்கும் தடுப்பூசி போடப்பட்டது. 'போட்டால் பிள்ளைக்கு ஏதும் ஆகுமா மிஸ்?' என்ற கேள்விக்குத் தொலைக்காட்சியில் வந்த நிபுணரின் பதில் எடுபடவில்லை. மூத்த பிள்ளைக்கு ஊசி போட்டவர், பிரசவத்துக்குப் பின் வீட்டுக்கு வந்து தொப்புளைப் பார்த்தவர் சொன்னால் எடுபட்டது. நாட்டில் சுமார் 1 கோடி 40 இலட்சம் பேர் இரண்டு ஊசியும் போட்டுக்கொண்டார்கள். மக்கள்தொகை சுமார் 2 கோடி 20 இலட்சம்.

இதே நம்பிக்கை உடைந்த இடமும் மட்டக்களப்பில்தான் தெளிவாகத் தெரிந்தது. கொரோனாவால் இறந்தோரை எரிக்க வேண்டும் என்று 2020 ஏப்ரல் 11இல் வர்த்தமானி அறிவித்தல் வந்தது. நிலத்தடி நீரில் வைரஸ் கலக்கும் என்ற காரணம் சொல்லப்பட்டது. சுவாசத்தால் பரவும் இந்த வைரஸ் உயிருள்ள கலத்துக்கு வெளியே பெருகாது. புதைப்பதும் எரிப்பதும் இரண்டும் பாதுகாப்பானவை என்று உலக சுகாதார நிறுவனம் முன்பே சொல்லியிருந்தது. அடக்கம் செய்வதையே மார்க்கக் கடமையாகக் கொண்ட முஸ்லிம்களுக்கு இது தாங்க முடியாத அடியானது. கிறிஸ்தவர்களிலும் பலர் துன்பப்பட்டார்கள். விளைவு கிளினிக்கின் வாசலில் தெரிந்தது. பரிசோதனை செய்தால், வைத்தியசாலைக்குப் போனால், இறந்தால் உடலை எரித்துவிடுவார்கள் என்ற பயத்தில் மக்கள் காய்ச்சலை மறைத்தார்கள் என்பதை அக்காலத்துச் செய்திகளும் மனித உரிமை அறிக்கைகளும் பதிவு செய்திருக்கின்றன. காத்தான்குடி ஆதார வைத்தியசாலை அதே காலத்தில் கொரோனாச் சிகிச்சை நிலையமாக இயங்கிக்கொண்டிருந்தது. சொந்த ஊர் ஆஸ்பத்திரியே ஆனாலும் அச்சம் அச்சம்தான்.

2021 பெப்ரவரி இறுதியில் தடை நீங்கியது. மார்ச் 5ஆம் திகதி, கோறளைப்பற்று மேற்கில் ஓட்டமாவடியை அடுத்த சூடுபத்தினசேனையில் முதல் உடல்கள் அடக்கம் செய்யப்பட்டன. நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் பெட்டிகள் அங்கே வந்தன. ஒரு வருடத்தில் அந்த ஒற்றை மயானத்தில் 3,600க்கும் மேற்பட்டோர் அடக்கமானார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை முஸ்லிம் மக்களிடம் மன்னிப்புக் கேட்டது. தொற்றியல் நோக்கில் பார்த்தால், ஆதாரமில்லாத அந்தக் கட்டளை பரிசோதனையிலிருந்து ஆட்களை விரட்டியது; மறைந்த ஒவ்வொரு நோயாளியும் பீ.எச்.ஐ.யின் சங்கிலியில் அறுந்த ஒரு கண்ணி.

வழமையான வேலைகளும் பாதிக்கப்பட்டன. 2020 ஊரடங்கின்போது சில வாரங்கள் பிள்ளைகளின் தடுப்பூசிக் கிளினிக்குகள் தள்ளிப்போயின. பிறகு நேரம் குறித்து, தாய்மாரை இடைவெளி விட்டு இருத்தி மீண்டும் நடத்தினார்கள். ஒன்பதாவது மாதத்தில் போடும் சின்னமுத்து ஊசியில் தாமதம் ஆபத்தானது. தாயிடமிருந்து கிடைத்த எதிர்ப்புச் சக்தி அந்த வயதில் மங்கிவிடும். சின்னமுத்து வைரஸோ எதிர்ப்பில்லாத கூட்டத்தில் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேர் வரை பரவக்கூடியது. அதை நிறுத்தி வைக்க 95 சதவீதம் பேருக்கு ஊசி வேண்டும். ஊரின் சராசரி 95 ஆக இருந்தாலும், ஒரு வாடி வரிசையில் மட்டும் 70 ஆக இருந்தால் நோய் அங்கே இறங்கும்.

2019இல் சின்னமுத்தை ஒழித்த நாடு என்ற சான்றிதழைப் பெற்ற இலங்கையில் 2023இல் அது திரும்பி வந்து நூற்றுக்கணக்கானோரைப் பிடித்தது. இதற்கிடையில் 2022இன் பொருளாதார நெருக்கடியும் வந்து போயிருந்தது. பெற்றோலுக்கு வரிசை, மருந்துத் தட்டுப்பாடு, வெளிநாடு போகும் டொக்டர்மாரும் தாதிமாரும். ஸ்கூட்டிக்கு எண்ணெய் இல்லாத மிட்வைஃப், எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று தெரிந்தும் போக முடியாமல் இருந்தார்.

2024 ஜனவரியில் சுகாதார அமைச்சு ஒன்பது பிராந்தியங்களில் விசேட சின்னமுத்துத் தடுப்பூசியை நடத்தியது. ஆறு முதல் ஒன்பது மாதம் வரையான குழந்தைகளுக்கு ஒரு மேலதிக ஊசி. வாவியின் தென்முனையை அடுத்துள்ள கல்முனைப் பிராந்தியமும் அந்தப் பட்டியலில் இருந்தது. அந்த வயதுக் குழந்தைகள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கப் புதிய கணக்கெடுப்பு ஒன்றும் தேவைப்படவில்லை. 2023இல் பிறந்தவர்களின் பெயர்கள் மிட்வைஃப்மாரின் பதிவேடுகளில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தன.